முப்பத்தெட்டாம் எண் அட்டையின் எடை

ரோஜாக்கிளி பபுள்கம் அட்டையில் நின்ற யானைக்கு ஆர்ட்டிஸ்ட் தவமணி தன் பெயரைப் போட்டு, கடைசிச் சுழிப்பை இழுத்து, பேனாவை மூடிய அந்த நொடியில், மண்டபத்து மேசை நான்கு கால்களையும் நான்கு திசைக்கு விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. மேசைக்கு அடியில் இருந்த மொசைக் தரையும் தன் பங்குக்கு ஒரு சாண் இறங்கிக்கொடுத்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த அட்டையை எடுக்க நான்கு பேர் குனிந்தார்கள், அப்புறம் எட்டுப் பேர் குனிந்தார்கள், அப்புறம் வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்தார். அதற்குள் மை காய்ந்துவிட்டது. மை காய்ந்ததும் அட்டை பழையபடி அட்டையாகி, ஃபேன் காற்றில் புரண்டு, வரிசையில் நின்ற ஒருவரின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. "அண்ணாச்சி, என்னோடது ஒட்டகம்," என்று அடுத்த ஆள் தன் அட்டையை நீட்டினார். மேசை இல்லாததால் தரையில் வைத்து நீட்டினார்.

வேறு ஊராக இருந்தால் பத்து நாளைக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பார்கள். சிவகாசியில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. சாமி படங்களை நான்கு கலரில் லட்சக்கணக்கில் அடித்து, ஓரம் வெட்டி, கட்டுக் கட்டி லாரியில் ஏற்றி, முருகன் ரெண்டு கட்டு குறையுது லட்சுமி ஒரு கட்டு கூடுது என்று சத்தம் போட்டுக்கொண்டே வாழ்கிறவர்களுக்கு, ஒரு அட்டை யானை கனம் கனத்தது என்பது அன்றைக்குச் சாயங்கால டீயோடு பேசி முடிக்கவேண்டிய சமாச்சாரம். அப்படித்தான் பேசி முடித்தார்கள். வரைந்த கையே கையெழுத்துப் போட்டால்தான் அட்டைக்குக் கனம் வருகிறது, பிரஸ் முதலாளி ஆசைக்குப் பத்து அட்டையில் போட்டுப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை, வந்த கனமும் மை காய்கிற வரைக்கும்தான் நிற்கிறது என்பது முதல் டீயில் முடிவானது. ஒரு வாரம் கழித்து இன்னொன்றும் தெரிந்தது. அட்டைக்கு வருவது காட்டில் இருக்கும் மிருகத்தின் எடை அல்ல, வரையும்போது ஆர்ட்டிஸ்ட் எதைப் பார்த்து வரைந்தாரோ அதன் எடை. தவமணி ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் யானைக்கு முன்னால் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தவர், அதனால் மேசை போனது. சிங்கமோ பிரஸ் வாசலில் படுத்துக்கிடந்த நாயைப் பார்த்துப் பிடரி சேர்த்து வரைந்தது. அது இருபது கிலோவுக்கு மேல் ஏறவில்லை. திமிங்கிலம் கண்மாயில் மிதந்த எருமையாக இருந்திருக்கிறது.

அட்டைகளின் கதை இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ரோஜாக்கிளி கம்பெனி ஒவ்வொரு பபுள்கத்தோடும் ஒரு அட்டை வைத்துக் கொடுத்தது. 'மாபெரும் விலங்குகள்' என்று தலைப்பு, மொத்தம் நாற்பத்தெட்டு அட்டை, அணிலும் முயலும் தன் கம்பெனிக்குக் கேவலம் என்று முதலாளி நினைத்ததால் எல்லாமே பெரிய உருப்படிகள். வரைந்தவர்கள் உள்ளூர் ஆர்ட்டிஸ்டுகள் நான்கு பேர், ஒருவர் பெயரும் அட்டையில் கிடையாது. அன்றைக்கு பபுள்கம் மென்றவர்கள் இன்றைக்குச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற வயதுக்கு வந்து, அட்டைகளைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டு, ஆல்பத்தில் செருகி, வரைந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் பிடித்து வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு என்று சில முறைகள் உண்டு. கையெழுத்து கீழ் ஓரத்தில்தான் வரவேண்டும், மிருகத்தின் முகத்தில் படக்கூடாது. அன்புடன் இன்னாருக்கு என்று எழுதிவிட்டால் அட்டையின் மதிப்பு போய்விடும். பேனா அவர்களே கொண்டுவருவார்கள்.

மண்டபத்துக்காரர் இனிமேல் இந்தக் கூட்டத்துக்கு இடம் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்போதுதான் யாரோ எடை மேடையைச் சொன்னார்கள். லாரியையே தாங்குகிறது, யானையைத் தாங்காதா.

விருதுநகர் ரோட்டில் இருந்த அந்த எடை மேடைக்கு ஆபரேட்டர், ஆர்ட்டிஸ்ட் தவமணியின் ஒரே மகள் தங்கபுஷ்பம். பேப்பர் ரீல் ஏற்றி வரும் லாரிகளையும் காலண்டர் ஏற்றிப் போகும் லாரிகளையும் இருபது வருஷமாக நிறுத்துப் போடுகிறவள். "அக்கா, ஒரு பத்துக் கிலோ முன்னப்பின்னப் போட்டுக் குடுங்க," என்று கேட்ட டிரைவர்கள் உண்டு. ரெண்டாவது தடவை கேட்ட டிரைவர் கிடையாது. மெஷின் காட்டாத ஒன்றை அவள் சீட்டில் எழுதியதே இல்லை. ஆபீஸர் வந்தாலும் முதலாளி வந்தாலும் சிவப்பு எழுத்தில் எரிகிற நம்பரைக் கையால் காட்டிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிடுவாள். அவளையே எடை போடுகிறவள் ஒருத்திதான், அம்மா ரத்தினக்கனி. மத்தியானம் தூக்குவாளியோடு வந்து உட்கார்ந்து, "பெத்துப்போட்டப்ப ரெண்டே முக்காக் கிலோ. இப்பப் பாரு, நாற்காலி நெளியுது," என்று தினமும் சொல்லி, தினமும் நாலு அப்பளம் கூடுதலாக வைப்பாள்.

மேடை நடுவில் பழைய பிரஸ்ஸிலிருந்து, அந்தக் காலத்தில் படம் அச்சடித்த லித்தோ கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, கல்லோடு சேர்த்து மெஷினைப் பூஜ்யத்தில் நிறுத்திவைத்தார்கள். லாரி வராத நேரத்தில், ஆர்ட்டிஸ்ட் நாற்காலியோடு போய் உட்கார்ந்து, கல்லின் மேல் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டு, நாற்காலியோடு இறங்கிவிட வேண்டும். ரோட்டைப் பார்த்து வைத்த போர்டில் நம்பர் ஏறும். தங்கபுஷ்பம் சீட்டை அடித்துக் கொடுப்பாள். வண்டி எண் என்ற இடத்தில் அட்டை எண், சரக்கு என்ற இடத்தில் மிருகத்தின் பெயர், வெறும் வண்டி எடை என்ற இடத்தில் இல்லை என்று இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத கையெழுத்தை எந்த ஊரிலும் இப்போது யாரும் மதிப்பதில்லை. பேனாக்கடைக்காரர்கள் சீக்கிரம் காயாத மை என்று தனியாகப் போர்டு வைத்தார்கள். காண்டாமிருகம் காய்கிறவரை ரோட்டில் லாரிகள் நிற்கும், டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்ப்பார்கள், ஒட்டகத்துக்கு என்ன எடை வரும் என்று டீக்குப் பந்தயம் கட்டுவார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆர்ட்டிஸ்ட் பூமிநாதனின் பனிக்கரடிக்கு எடை வரவில்லை. கையெழுத்துப் போட்டு அவர் கையை எடுத்ததும் போர்டில் பூஜ்யம் நின்றது. நின்றதோடு போகாமல், ஆடிக்காற்று அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரம் தள்ள, ஆறு பேர் அதன் பின்னால் ஓடினார்கள். பனிக்கரடியை அவர் எந்தக் கரடியையும் எந்த நாயையும் பார்த்து வரையவில்லை, யாரோ வெளிநாட்டுக்காரன் வரைந்த படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து இழுத்தது. ஊர் கோபப்படவில்லை, திட்டவில்லை, செல்லமாக ஒரு பெயர் வைத்தது. சாப்பாடே காணாத அட்டை என்பதால் அது பட்டினி அட்டை, அவர் பட்டினி பூமிநாதன். செல்லமாக வைக்கிற பெயர்தான் தலைமுறைக்கும் நிற்கும். அவருடைய பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், "பட்டினி வீட்டுப் பேரனா, வா வா," என்று பிரியமாகத்தான் கூப்பிட்டார்.

அந்த வருஷமும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சந்திரமௌலி வந்தார். மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்கிறவர். அவர் ஆல்பத்தில் நாற்பத்தேழு அட்டையிலும் கையெழுத்து இருந்தது, ஒவ்வொன்றின் பின்னாலும் எடைச்சீட்டு மடித்துச் செருகியிருந்தது. மிச்சம் முப்பத்தெட்டு மட்டும்தான். மஞ்சள் பின்னணியில் ஒரு தாய்க் கங்காரு நிமிர்ந்து நிற்கும், அதன் வயிற்றுப் பைக்குள் குட்டி ஒன்று கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு கண்மூடிக் கிடக்கும். அட்டை சேர்க்கிறவர்கள் அதற்கு விரல்சூப்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். வரிசையிலேயே எல்லாரும் ஆசைப்படுகிற அட்டை அதுதான். அதில் கையெழுத்து வாங்கியவர் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

ஏனென்றால் அதை வரைந்த தவமணி போட மாட்டார். யானைக்குப் போடுவார், ஒட்டகத்துக்குப் போடுவார், தான் வரைந்த மற்றப் பதினெட்டு அட்டைக்கும் சிரித்துக்கொண்டே போடுவார், முப்பத்தெட்டை நீட்டினால் மட்டும் அன்றைக்கு அஷ்டமியாகிவிடும். இல்லாவிட்டால் விரல் மரத்துப்போகும். இல்லாவிட்டால் பேனா சரியில்லை.

"அய்யா, மூணாவது வருசமா வாறனுங்க," என்றார் சந்திரமௌலி. "ஒரே ஒரு அட்டைதானுங்க."

"தம்பி, கை நடுங்குது. பாத்தீகளா?" தவமணி கையை நீட்டி நடுக்கிக் காட்டினார். எழுபத்துநான்கு வயதிலும் ஊசியில் நூல் கோக்கிற கை அது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், எடை மேடை அறைக்குள் வைத்து தங்கபுஷ்பம் நேராகக் கேட்டாள். "அப்பா, எனக்குக் காது குத்தாதீக. அந்தக் கங்காருல என்ன இருக்கு?"

தவமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் முழுவதும் சோற்றுக்குள் போன பிறகு, "அது என்னுது இல்ல தாயி," என்றார். "டாக்டர் ரூம்ல ஒரு காலண்டர் தொங்கிச்சு, ஏதோ வெளிநாட்டுப் பிளேன் கம்பெனி காலண்டர். அதுல இருந்த கங்காருவ அப்படியே இழுத்தேன். கங்காருக்கு நான் எங்க போவேன்? சிங்கத்துக்கு நாய் கெடைச்சுது, இதுக்கு என்ன கெடைக்கும்? அதுல பை காலியாக் கிடந்துச்சு, முதலாளி பாத்துட்டு வயிறு கிழிஞ்ச மாதிரி இருக்கு, எதையாவது போட்டு அடைன்னார், அடைச்சேன். அவ்வளவுதான். நாப்பது வருசமா ஊரே அதத்தான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லுது. ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் எனக்கு இங்க குத்தும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "கையெழுத்தப் போட்டா பூஜ்யம் நிக்கும். அப்பறம் நான் பட்டினி தவமணி. நீ பட்டினி வீட்டுப் பொண்ணு."

தங்கபுஷ்பத்துக்கு அப்பாவின் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. திருடிய ஒன்றை அவர் நாற்பது வருஷமாகச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார் என்று தோன்றியது. அதனால் இருபது வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். மறுநாள் காலையில் சந்திரமௌலி ஆல்பத்தோடு வந்து நின்றபோது, "மேடை ரிப்பேர்," என்றாள்.

சொல்லிவிட்டால் அதற்கேற்ப நடக்கவேண்டும் அல்லவா. மேடைக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினாள், போர்டை அணைத்தாள், பேப்பர் லாரிகளையெல்லாம் திருத்தங்கல் பக்கம் போகச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் போனது, ரெண்டு நாள் போனது. சந்திரமௌலி தானும் மோட்டார் மெக்கானிக் என்பதால் கீழே இறங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும், லாட்ஜுக்குப் போய் மறுபடியும் வந்து, கயிற்றுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், தவமணி பக்கத்தில் இருப்பது தெரியாமல், "நல்ல மேடைய அந்தக்கா பூட்டி வச்சிருக்கு. கல்லைத் தூக்கி வச்சா உள்ள மெஷின்ல நம்பர் ஏறுது, ஜன்னல் வழியா நான் பாத்தேன். அந்தக்காவே பொய் சொன்னா இனி யார் சீட்டை நம்புறது?" என்று அலுத்துக்கொண்டார்.

தவமணி பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தூக்குவாளி கட்டிக்கொண்டிருந்த ரத்தினக்கனியிடம் வா என்று மட்டும் சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் நடந்து எடை மேடைக்கு வந்து, தானே கயிற்றை அவிழ்த்தார்.

"அப்பா, மேடை ரிப்பேர்," என்றாள் தங்கபுஷ்பம்.

"ரிப்பேர் இல்ல. போர்டப் போடு."

"அப்பா."

"இருவது வருசம் நீ சேத்த பேரு இது. எனக்காக அதுல கை வைக்காத." பெஞ்சுப் பக்கம் திரும்பி, "தம்பி, அட்டையக் கொண்டாங்க," என்றார்.

சிவகாசியில் ஒரு செய்தி தெருமுனை திரும்புவதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. விரல்சூப்பிக்குக் கையெழுத்து என்றதும் பிரஸ்ஸில் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள், பைண்டிங் செய்கிற பெண்கள் பசைக் கையோடு வந்தார்கள், லாரிகள் வரிசையாக நின்றன, பூமிநாதனும் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். ரத்தினக்கனி அறை நிழலில் நாற்காலியைப் போட்டு மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்தாள். பபுள்கம் அட்டை விஷயத்தில் அவளுக்கு என்றைக்குமே அக்கறை இருந்ததில்லை. அவற்றில் ஒன்றையாவது அவள் முழுசாகப் பார்த்திருப்பாளா என்பதே சந்தேகம். ஆடிக்காற்று டீக்கடையின் காகிதக் கோப்பைகளை ரோட்டில் உருட்டிக்கொண்டு போயிற்று.

தவமணி நாற்காலியில் உட்கார்ந்து, லித்தோ கல்லின் மேல் அட்டையை இடதுகையால் அழுத்திக்கொண்டு, கீழ் ஓரத்தில், கங்காருவின் கால் படாத இடத்தில், தன் பெயரை எழுதி, சுழிப்பை இழுத்தார். எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். எல்லாரும் போர்டைப் பார்த்தார்கள்.

பூஜ்யம்.

ஏறும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை. சந்திரமௌலிதான் முதலில் பேசினார். "பரவாயில்லீங்க அய்யா. எனக்கு உங்க பேரு போதுமுங்க."

"இல்ல தம்பி, எல்லாரும் பாத்துக்கிடட்டும்," என்றார் தவமணி. குரல் பிசிறாமல் இருந்தது. "அது சுட்ட படம். காலண்டர்ல இருந்து இழுத்தது. என் மக மேடை நல்ல மேடை, காட்டுறது சரியான எடை. அவ மேல யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து பூமிநாதன் வழி விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். "டீ சாப்பிடப் போவோமா, சேந்தே போவோம்," என்றார் கொஞ்சம் கழித்து. தவமணிக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

தங்கபுஷ்பம் அறைக்குள் இருந்தாள். சீட்டு அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. சரக்கு கங்காரு, எடை பூஜ்யம் என்று அப்பாவின் பெயருக்கு எதிராக அவளே அடித்துக் கொடுக்கவேண்டும், அடித்துத்தான் ஆகவேண்டும். ஜன்னல் வழியாக மேடையைப் பார்த்தாள். காற்று இன்னும் சுழன்று சுழன்று அடித்தது. ஒரு காகிதக் கோப்பை மேடை மேல் ஏறி, கல்லைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி ஓடியது. பழைய எடைச்சீட்டு ஒன்று எங்கிருந்தோ பறந்துவந்து கல்லில் ஒட்டி, உரிந்து, பறந்துபோனது. அட்டை அங்கேயே கிடந்தது. அதன் ஓரம்கூட எழும்பவில்லை.

பூமிநாதனின் பனிக்கரடியின் பின்னால் சாக்கடை வரைக்கும் ஓடிய ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

அவள் எழுந்து மேடைக்குப் போனாள். ரெண்டு விரலால் அட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள், அது வரவில்லை. இன்னொரு கையும் வேண்டியிருந்தது. ரெண்டு கையையும் கொடுத்துத் தூக்கியபோது, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், இடது கை தானாக விரிந்து அட்டையின் மேல் ஓரத்துக்கு அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. அப்போது அவளுக்கு ஒன்று உறைத்தது, இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். அறுபது டன் லாரிக்கு வைத்த மெஷின் அது. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் ஏறும், அதற்குக் கீழே உள்ளதற்கு அதற்குக் கண்ணே தெரியாது. அட்டை வரிசை முழுவதும் மாபெரும் விலங்குகள் என்பதால் இதுவரை யாரும் அதை யோசிக்கவேண்டி வரவில்லை.

காற்றில் மை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும், ஆனாலும் ஓடவில்லை. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு ஓடத் தோன்றவில்லை. அடி மேல் அடி வைத்து நிழலுக்குப் போய், அம்மாவின் மடியிலிருந்த தூக்குவாளியை முழங்கையால் ஓரம் தள்ளிவிட்டு, "ஏம்மா, இந்தா பிடி," என்றாள்.

ரத்தினக்கனி கையை நீட்டினாள். அட்டை கைக்கு வந்ததும் அவளுடைய ரெண்டு முழங்கையும் விலாவோடு ஒடுங்கின. அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. எதிரே எங்கேயோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு தடவை லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"ரெண்டே முக்காக் கிலோ," என்றாள்.

அப்புறம்தான் குனிந்து அட்டையைப் பார்த்தாள். பைக்குள் விரல் சூப்பிக்கொண்டு கிடந்த குட்டியைப் பார்த்தாள். நிமிர்ந்து, எதிரில் வேர்த்து விறுவிறுத்து நின்ற மகளைப் பார்த்தாள்.

"ஏங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. நாப்பது வருசமா இதையா வேண்டாம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக?"

தவமணி வந்தார். அவரைத் தொடர்ந்து கூட்டமும் வந்தது.

"ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாளு," என்றாள் ரத்தினக்கனி. "பச்சப்புள்ள பசிச்சு விரலச் சூப்புது, நான் பால் குடுக்கத் தூக்குறேன். இவுக முக்காலியில உக்காந்துக்கிட்டு, இரு இரு, அப்படியே இரு, இன்னும் ஒரு நிமிசம்னு கோடு போடுறாக. வாங்காத வசவெல்லாம் எங்கிட்ட அன்னிக்கு வாங்குனாக. ஞாபகம் இல்லையா? காலண்டரப் பாத்து இழுத்தது மட்டும் ஞாபகம் இருக்கோ?"

"பை காலியா இருந்துச்சு," என்றார் தவமணி. "முதலாளி எதையாவது போட்டு அடைன்னார்."

"அடைச்சீகளே, பிடிங்க," என்று அவள் அட்டையை அவர் கையில் வைத்தாள்.

திருடிய கங்காரு எடையில்லாமல்தான் இருந்தது. அதன் வயிற்றில் இருந்தது மட்டும் அவர் கையில் கனத்தது. முட்டுக்கொடுக்க வேண்டிய தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்தது. லாரி டிரைவர்கள்கூட ஹாரன் அடிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மை காய்ந்தது, கனம் போனது, தாங்கிக்கொண்டிருந்த கைகள் ரெண்டும் தாமாகக் கொஞ்சம் மேலே எழும்பின.

"நமக்குத் தொணையா ஒரு ஆள் கெடைச்சார்னு பாத்தேன்," என்றார் பூமிநாதன். "அதுவும் போச்சா." கூட்டம் சிரித்தது, தவமணியும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மறுநாளே எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு காய்கறித் தராசு வந்துவிட்டது. பூமிநாதன் தன் பனிக்கரடியை அதிலும் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. பரவாயில்லை, டீக்கடைக்கு ரெண்டு பேரும் இப்போது சேர்ந்தே போகிறார்கள்.

அன்றைக்கு நடந்தது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சந்திரமௌலி அட்டையைத் துணியில் துடைத்து, உறைக்குள் போட்டு, ஆல்பத்தின் கடைசிக் காலி இடத்தில் செருகினார். அப்புறம் தயங்கித் தயங்கி அறை ஜன்னலுக்கு வந்தார். "அக்கா, சீட்டு ஒண்ணு வேணுமுங்க. மெஷின்ல வராதுங்கறது தெரியுமுங்க."

தங்கபுஷ்பம் பிரிண்டரைப் பார்த்தாள். அது பூஜ்யத்தைத் தவிர வேறொன்றும் அடிக்காது. அவள் ஒரு வெற்றுச் சீட்டைக் கிழித்தெடுத்து, பேனாவைத் திறந்து, மெஷின் காட்டாத ஓர் எடையை இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையால் எழுதினாள். எழுதும்போது அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. வாழ்க்கையில் அவள் எழுதிய சீட்டுகளிலேயே இதைவிடச் சரியான சீட்டு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. சீட்டை நீட்டினாள். சந்திரமௌலி வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வாய்விட்டே வாசித்தார்.

"வண்டி எண், அட்டை முப்பத்தெட்டு. மொத்த எடை, ரெண்டு கிலோ எழுநூத்தம்பது. வெறும் வண்டி எடை, இல்லை. எடை பார்த்தவர், ரத்தினக்கனி." சரக்கு என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார், ஜன்னலுக்குள் அவளைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "சரக்கு, தங்கபுஷ்பம்."

"ஆமா," என்றாள் அவள். "பத்திரமாக் கொண்டு போங்க."